சூசைதாசன்ரை போட்

பிலோமினா மாமி பிழைவிடவில்லை. றெஜினா அக்காவும் பிழைவிடவில்லை. போன் அடித்தால் மகனைக் கூப்பிட்டு எடுத்துத் தரச்சொல்லுகிற அந்தோனியம்மாகூட, ஜெனிற்றா நீட்டிய போனை வாங்கி, நீலப் பொத்தான், படகின் பெயர், பச்சைப் பொத்தான் என்று மூன்றே தட்டில் காரியத்தை முடித்துவிட்டு, "இது எங்கடை ஆக்களுக்குப் பெரிய உதவி, பிள்ளை" என்று கமெராவைப் பார்த்துச் சிரித்தாள். வந்த பெண்கள் எல்லாருக்கும் அதே மூன்று தட்டு. எல்லார் வாயிலும் அதே பெரிய உதவி.

ஜெனிற்றாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. படங்களை அப்படியே கீர்த்திகாவுக்கு அனுப்பினாள். இணுவில்காரியான கீர்த்திகா பல்கலைக்கழகத்தில் அவளுக்கு மூத்தவள். ஜெனிற்றா விண்ணப்பிக்கப் போகிற அதே முதுகலைப் படிப்பை இப்போது பின்லாந்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் அவளுடைய குரல்பதிவு வந்தது.

"ஜெனி, கேட்டிட்டு அழாதை. இதை அனுப்பினியெண்டால் பாக்கிற ஆள் பாதியிலை மூடிப்போட்டு அடுத்ததை எடுக்கும். நீ கேள்வியை வாசிச்சு முடிக்க முன்னமே பொத்தானை அமத்தினம். ஒராள் ரெண்டு பேர் இல்லை, எல்லாரும். சொல்லிக்குடுத்துச் செய்வித்த மாதிரிக் கிடக்கு. நீயோ சொல்லிக்குடுத்தனி? இல்லாட்டி ஆர்? இண்டைக்குத்தானே கடைசி நாள். பின்னேரத்துக்கிடையிலை திரும்ப எடு. உண்மையாய்த் தடுமாறுற ஒரேயொரு ஆள் கிடைச்சாலே காணும்."

படிப்பின் பெயர் மனித–கணினி ஊடாட்டம். வீட்டில் அதை விளங்கப்படுத்த அவள் எடுத்த முயற்சிகள் எல்லாம் "கொம்பியூட்டர் படிப்பு" என்ற இடத்திலேயே போய் நின்றன. உண்மையில் அது கொம்பியூட்டரின் முன்னால் இருந்து திணறுகிற மனிசரைப் பற்றிய படிப்பு. ஒரு பொருளைச் செய்து, அதைப் பாவிக்கவேண்டியவர்களின் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று வாய் திறக்காமல் பார்த்து எழுத வேண்டும். அப்படிப் பார்த்ததைப் படமாக விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். அவள் செய்திருந்தது ஒரு போன் செயலியின் மாதிரி. கடலுக்குப் போன படகு திரும்பச் சுணங்கினால் வீட்டிலிருக்கிற பெண்கள் அதில் தட்டி மீனவர் சங்கத்துக்கு அறிவிக்கலாம்.

இரண்டு வருடம் விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. பட்டம் முடித்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பித்தால்தான் புலமைப்பரிசில். அது இல்லாமல் பின்லாந்தைப் படத்தில் பார்க்கலாம். இது மூன்றாவது வருடம். இம்முறையும் இல்லையென்றால் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பா சூசைதாசன் அதற்கு ஆளும் பிடித்து வைத்திருந்தார். அங்கே போனவர்களை அவளுக்குத் தெரியும். சம்பளம் வரும், முதுகு போகும், பிறகு கலியாணம். நண்டுக் கொட்டிலும் அப்படித்தான். என்ன, இங்கே முதுகுக்கு முதல் விரல் போகும். பட்டம் எடுத்த பிறகும் அவள் அம்மாவோடு அந்தக் கொட்டிலில் இருந்து வலையில் நண்டு கழற்றியவள்தான். நண்டின் முள் குத்திய விரலில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

குரல்பதிவைக் கேட்டு முடித்ததும் போனையும் மடிக்கணினியையும் கமெராவையும் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். வாடைக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் கால்களை நீட்டி, மடியில் வலையைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அம்மா யசிந்தா வாசலுக்குக் கிட்ட.

"அம்மா, நீங்களோ இவைக்குச் சொல்லிக்குடுத்தது?"

யசிந்தா தலை நிமிர்த்தவில்லை. ஒரு நண்டின் காலை மடித்து வலையிலிருந்து உருவிக் கூடைக்குள் போட்டாள். "என்னத்தை?"

"நீலம், பேர், பச்சை."

"ஓம். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? எல்லாம் பாழாய்ப்போச்சு. திரும்ப எடுக்கவேணும். இண்டைக்கே."

பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குருநகரில் ஒரு ஒழுங்கை முழுதுக்கும் கேட்கக்கூடிய தொண்டை அவளுக்கு. "என்னடி பாழ்? வெள்ளைக்காரன் பாப்பான் எண்டு முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டெல்லோ வந்தனான். ஒரு பிழை விட்டனானோ?"

"பிழை விட்டாத்தான் மாமி எனக்கு உதவி. நீங்கள் எங்கை பிழைவிடுறியள் எண்டு பாக்கிறதுதான் இந்தப் படிப்பு."

"பிழைவிட்டா மாக்ஸோ? அப்ப என்ரை மூத்தவன் இப்ப புறொபெசரெல்லோ!"

கொட்டில் சிரிப்பில் குலுங்கியது. றெஜினா வலையை உதறிக்கொண்டே கேட்டாள். "எத்தினை பிழை வேணும் எண்டு சொல்லு பிள்ளை. நான் ரெண்டு விடுறன். மாமி கேக்காமலே பத்து விடுவா."

"விளையாடாதையுங்கோ அக்கா. நான் வாசிச்சு முடிக்க முன்னமே ஏன் அமத்தினனீங்கள்? அதையாவது சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றது. பெண்கள் மடியைப் பார்த்தார்கள். யசிந்தாதான் சொன்னாள்.

"நீ அதை வாசிச்சு முடிக்கக்கூடாது எண்டுதான்."

ஜெனிற்றா எல்லாருக்கும் ஒரேமாதிரி வாசித்த வசனம் இது. முதலாவது பணி: உங்கள் கணவரின் படகு குறித்த நேரத்துக்குக் கரை திரும்பவில்லை. இதைச் சங்கத்துக்கு அறிவியுங்கள்.

அந்த ஒழுங்கையில் யாருடைய படகும் திரும்பாமல் இருந்ததில்லை. அதாவது, திரும்பவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நேரம் பிந்தினால், "வலை கனத்துப்போச்சாக்கும்" என்பார்கள். இன்னும் பிந்தினால், "காத்துக்கு ஒதுங்கி நிக்கினம் போல" என்பார்கள். எந்தச் சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்று யாரும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில்லை. வாயில் ஓர் அடி விழும், பிள்ளை அறிந்துகொள்ளும். ஜெனிற்றாவுக்கும் விழுந்திருக்கிறது.

"முதல்முதல் என்னட்டைத்தானே வாசிச்சுப் பாத்தாய்" என்றாள் யசிந்தா. "உங்கள் கணவர் எண்டு. ஆரடி அந்தக் கணவர்? உன்ரை அப்பன். அண்டைக்கும் ஆள் கடலிலை. நான் கண்டதையும் அமத்திப்போட்டன். நீ என்ன எழுதினனி? 'அறிவுறுத்தலைக் கவனிக்கவில்லை.' பாத்தனான். பிறகு உன்ரை போனை எடுத்து, எதை அமத்தினா உன்ரை வாய் நிக்கும் எண்டு பாத்துப் பழகினன். இவளவைக்கும் காட்டிக்குடுத்தன். கெதியாய் அமத்தினா நீ முழுக்கச் சொல்லமாட்டாய்தானே."

அந்த வசனத்தை ஜெனிற்றா முதலில் இங்கிலீசில் எழுதினாள். இங்கிலீசில் அது ஒன்றும் செய்யவில்லை. தமிழுக்கு மாற்றியபோதும் கணவர், படகு, குறித்த நேரம் என்று பேப்பரில் வருகிற தமிழாகத்தான் வந்தது. அந்தத் தமிழில் அப்பா இருக்கவில்லை. அதனால் வாய் கூசவில்லை.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பின்னேரத்தோடு விண்ணப்பம் மூடிவிடும். கொட்டில் வாசலில் குந்தியிருந்து மடிக்கணினியைத் திறந்தாள். நிறங்களைப் பிடுங்கி எறிந்தாள், பொத்தான்களை இடம் மாற்றினாள். இனி வாசிக்காமல் தட்ட முடியாது. வசனத்தில் கணவரை எடுத்துவிட்டு "ஒரு படகு" என்று போட்டாள். கமெராவை முக்காலியில் நிறுத்தினாள். முதலில் றெஜினா வந்து இருந்தாள்.

"ஒரு போட் நேரத்துக்கு வரேல்லை அக்கா. சங்கத்துக்குச் சொல்லுங்கோ."

"ஆற்றை போட்?"

"ஆரோ ஒருத்தற்றை."

"ஆரெண்டு தெரியாமல் நான் என்னெண்டு சொல்லுறது? அவற்றை பெண்சாதி சொல்லுவாதானே."

"பெண்சாதி இல்லையெண்டு வையுங்கோவன்."

"பெண்சாதி இல்லாதவன் எப்ப வந்தால் ஆருக்கென்ன?" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பிவிட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது. அவளுடைய வலையில் இன்னும் பாதி கிடந்தது.

அந்தோனியம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் களைத்துப்போய், "எங்கடை போட் இல்லாட்டிப் பக்கத்துப் பாசையூர்ப் போட்தானே. அதைப் பாசையூராக்கள் பாப்பினம்" என்று முடித்துவிட்டாள். பிலோமினா உதவி செய்ய வந்தாள். அந்த உதவிதான் எல்லாவற்றிலும் மோசம். நெற்றியில் கையை வைத்து, "ஐயோ துரைமாரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லையே" என்று கமெராவுக்கு ஒப்பாரி வைத்து, போனைத் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினாள். கொட்டில் திரும்பவும் சிரித்தது. யசிந்தாகூடச் சிரித்தாள்.

ஜெனிற்றா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடப் பாடு இந்தச் சிரிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அவள்மேல் வஞ்சகம் இல்லை. எல்லாருக்கும் அவள்மேல் இரக்கம்தான், அந்த இரக்கமே அவளைக் கொல்லப் பார்த்தது. கிளிநொச்சியில் விடிய பஸ்ஸால் இறங்கி வரிசையில் நிற்கிற தன்னைக் கண்டாள். பின்னேரம் அதே பஸ்ஸில் ஏறுகிற தன்னையும் கண்டாள். அதற்குப் பிறகு காண ஒன்றும் இருக்கவில்லை.

உண்மையாய்த் தடுமாறுகிற ஒரேயொரு ஆள்.

சொல்ல முதலே அவளுக்குத் தெரியும். தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று பிறகு சொல்ல முடியாது. அம்மா இரண்டு முழம் தள்ளி இருக்கிறாள் என்பது தெரியும். அப்பா விடியமுன் போனார் என்பதும், காற்று எழும்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

"மாமி, இன்னொருக்கா. இது கடைசி. எடுக்கலாமோ?"

"ஓமடி ஓம், எடு."

பிலோமினாவின் ஈரக்கையில் போனைக் கொடுத்தாள். கமெரா ஓடத் தொடங்கியது.

"சூசைதாசன்ரை போட்" என்றாள் ஜெனிற்றா. "என்ரை அப்பான்ரை போட். விடிய முன்னம் போனது. இன்னும் வரேல்லை. சங்கத்துக்கு அடியுங்கோ."

பிலோமினா அவளைப் பார்த்தாள். பகிடியாக இருக்குமோ என்று முகத்தில் தேடினாள். அங்கே பகிடி இல்லை. போனைக் குனிந்து பார்த்து விரலை வைத்தாள். போன் அசையவில்லை. திரும்ப வைத்தாள். நண்டுத் தண்ணீர் வழிகிற விரலைக் கண்ணாடி ஏற்கவில்லை. சட்டையில் துடைத்தாள், சட்டையும் ஈரம். "வேலை செய்யுதில்லையடி, என்னடி இது, வேலை செய்யுதில்லை." அவளுடைய பெரிய தொண்டை எங்கோ போய்விட்டது.

பின்னால் யசிந்தா எழும்பினாள். மடியில் கிடந்த வலையோடு எழும்பினாள். அரைவாசி கழற்றிய நண்டுகள் காலடியில் விழுந்து ஓடின. வலையை உதறி எறிந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், செருப்பும் போடாமல் இறங்குதுறைப் பக்கம் நடந்தாள். பிறகு ஓடினாள்.

அதைக் கண்டு பிலோமினா கண்ட இடமெல்லாம் தட்டினாள். எப்படியோ ஒரு பொத்தான் திறந்தது. படகுகளின் பெயர்கள் வந்தன. சூசைதாசனின் படகை இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பிவந்து பிடித்தாள். உடனே ஒரு பெட்டி எழும்பியது. 'இந்தப் படகு ஆபத்தில் உள்ளதாக அறிவிக்கப் போகிறீர்கள். உறுதியா?' பிலோமினா அதைச் சத்தமாய் வாசித்தாள். வாசித்து முடித்ததும், "இல்லை, மாதாவே, இல்லை" என்று 'இல்லை'யைத் தட்டினாள். போன் முதற்பக்கத்துக்குத் திரும்பியது. அவள் மறுபடி தொடங்கினாள். மறுபடியும் பெட்டி. மறுபடியும் இல்லை.

இப்படி ஒரு கேள்விக்கு எந்தப் பெண் ஆம் என்பாள்? அதை எழுதிய ஜெனிற்றாவுக்கு அது இப்போதுதான் விளங்கியது. ஈரக்கைக்குப் பெரிய பொத்தான் வேண்டும். உறுதியா என்று கேட்கக்கூடாது. அவளுடைய கண் கலங்கியிருந்தது. கை எழுதிக்கொண்டிருந்தது. கமெராவை அவள் நிறுத்தவில்லை.

கடைசியில் பிலோமினா போனைக் கூடைக்குள் நண்டுகளுக்கு மேல் எறிந்தாள்.

"வாயைக் கழுவடி" என்றாள். "போய் வாயைக் கழுவு. உனக்குத் தடுமாறின முகம் வேணுமெண்டால் கண்ணாடியைப் பார்."

றெஜினாவும் அந்தோனியம்மாவும் நிலத்தில் ஓடிய நண்டுகளைப் பொறுக்கினார்கள். ஜெனிற்றா குனிந்து உதவப் போனபோது றெஜினா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்து படத்தை வெட்டி ஒட்டினாள். நன்றாக வந்திருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேல் அருவருப்பு வந்தது, ஆனாலும் நன்றாக வந்திருந்தது. கீர்த்திகா ஒரு சொல்லில் பதில் போட்டாள்: "இதுதான்."

மத்தியானம் கழிந்து படலை திறந்தது. முன்னால் அப்பா, ஈரச் சாரத்தோடு, ஒரு பையில் கறிக்கு மீன். பின்னால் அம்மா.

"பிள்ளை, உன்ரை கொம்மாவுக்கு என்னடி நடந்தது?" சூசைதாசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போட்டாலை இறங்க முன்னம் தண்ணிக்குள்ளை வந்து கையைப் பிடிச்சிட்டாள். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். யாக்கோப்பு கேக்கிறான், 'சூசை, புதுசாய்க் கட்டினனியோ' எண்டு. கலியாணத்தண்டுகூட இவள் என்ரை கையை உப்பிடிப் பிடிக்கேல்லை."

யசிந்தா பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்பது ஜெனிற்றாவுக்கு விளங்கியது. அம்மா சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள்.

அப்பா குளிக்கப் போன பிறகு ஜெனிற்றா குசினி வாசலில் போய் நின்றாள். யசிந்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

கத்தி நிற்கவில்லை.

"அம்மா, அந்தப் படத்திலை நீங்களும் விழுந்திட்டியள். எழும்பிப் போறது. படத்திலை நிக்கிற ஆளின்ரை சம்மதம் இல்லாமல் அனுப்பேலாது. மாமி ஓம் எண்டவ. உங்களைக் கேக்கேல்லை."

"அதுக்கும் கேக்கவேணுமோ?"

"ஓம். அது அவையின்ரை சட்டம்."

யசிந்தா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நல்ல சட்டம். என்ரை மனிசனைக் கடலுக்கை தாட்டுப்போட்டுக் கதைக்கேக்கை ஆற்றை சம்மதம் கேட்டனி?"

"வேண்டாமெண்டால் அனுப்பேல்லை" என்றாள் ஜெனிற்றா. அம்மா வேண்டாம் என்றால் அனுப்பாமல் விடுவாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மீன் பட்ட கையைக் கழுவினாள்.

"காட்டு."

ஜெனிற்றா போனைப் பிடித்தாள். யசிந்தா கிட்ட வந்து பார்த்தாள். பிலோமினாவின் விரல் வழுக்கியது. பின்னால் ஒருத்தி வலையோடு எழும்பினாள், நண்டுகள் விழுந்தன, அவள் ஓடினாள். தான் ஓடுவதை யசிந்தா இதுவரை கண்டதில்லை. படம் முடிந்த பிறகும் இருண்டுபோன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் பாத்து அவங்கள் உன்னை எடுப்பாங்களோ?"

"தெரியாதம்மா. எடுக்கலாம்."

"அனுப்பு." திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தாள். "எடுத்தாங்களெண்டால் அங்கை போ. எடுக்காட்டிக் கிளிநொச்சிக்குப் போ. எங்கையெண்டாலும் போ, பிள்ளை. நாளைக்குக் கொட்டிலுக்கு வராதை. பிலோமினாவை நான் பாத்துக்கொள்ளுறன். உன்னை அங்கை வைச்சுப் பாக்க எனக்கு ஏலாது."

அழுகையோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

ஜெனிற்றா அறைக்குள் வந்து படத்தை விண்ணப்பத்தில் ஏற்றக் கொடுத்தாள். வாடைக்காற்று நாளில் சிக்னல் நொண்டும். திரையில் கோடு கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, திரும்ப நகர்ந்தது. கிணற்றடியில் அப்பா தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சாப்பிட வந்து இருக்கிற சத்தம். "எங்கை பெட்டை? வந்து சாப்பிடச் சொல்லு."

"அவளுக்கு வேலை கிடக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

"அப்ப இன்னும் கொஞ்சம் குழம்பு விடு."

அம்மா குழம்பு விட்டாள். கோடு நகர்ந்துகொண்டிருந்தது.